ஏனண்ணையும் சாமியறை ஃபைபரும்

சுவிட்சர்லாந்தில் மலைகளை விட அதிகமாகக் கேள்விகளைக் கைவசம் வைத்திருந்தவர் யார் என்று கேட்டால், யோசிக்காமல் சொல்லுவேன்: எங்கள் பூம்ப்ளிஸ் பகுதி ஏனண்ணைதான். பெற்றவர்கள் அவருக்கு ஒரு பெயர் வைத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் அவர் வீட்டுத் தபால் பெட்டியில்கூட மனைவியின் பெயர்தான் ஒட்டியிருந்தது. ஒரு நாளைக்கு முந்நூறு தடவை "ஏன்?" என்று கேட்கிற மனிதருக்கு வேறு பெயர் எதற்கு என்று இங்குள்ள சனம் முடிவு கட்டிவிட்டது.

அவருடைய கலியாணத்தில் தாலி கட்டும் நேரம், "ஏன் ஐயா மூண்டு முடிச்சு? ரெண்டு போட்டா அவிண்டிடுமோ?" என்று கேட்டாராம். ஐயரும் சளைக்காதவர், விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். நல்ல நேரம் முடியப் போகிறதென்று மாமனார் கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் முடிச்சு விழுந்தது என்கிறார்கள்.

சுவிஸ் குடியுரிமைக்கு விசாரணைக்குப் போனபோதும் இதே கதைதான். அங்கே கேள்வி கேட்க வேண்டியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். இவர் அவர்களைப் பார்த்து, "ஞாயிற்றுக்கிழமை வெறும் போத்திலைத் தொட்டியிலை போட்டா சத்தம், கூடாது எண்டுறியள். சேர்ச் மணி மட்டும் அடிக்கலாமோ? ஏன்?" என்று கேட்டிருக்கிறார். அரை மணித்தியாலத்தில் முடிய வேண்டிய விசாரணை ஒன்றரை மணித்தியாலம் போனது. குடியுரிமை கிடைத்துவிட்டது. கொடுத்தால்தான் எழும்பிப் போவார் என்று கொடுத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

பகலில் ஏனண்ணைக்கு ஒரு மின்சாரக் கம்பெனியில் வயர் இழுக்கிற வேலை. சனிக்கிழமைகளில் தமிழ் வீடுகளில் அதே வேலை. இங்கே சம்பளம் வாங்கமாட்டார், தேத்தண்ணியும் கேள்விக்குப் பதிலும் கொடுத்தால் போதும். தேத்தண்ணி கொடுப்பது சுலபம்.

ஒய்ரோப்பாபிளாட்ஸ் பக்கத்தில் ஒரு குடும்பம். நொஷாட்டல் நகரத்தில் இருக்கிற மச்சான் வீட்டில் இன்டர்நெட்டுக்கு அறைக்கு அறை ஃபைபர் போட்டிருக்கிறார்கள், எங்களுக்கும் போட வேண்டும் என்று இவரைக் கூப்பிட்டார்கள். கருவிப் பையைத் திறக்காமலே இரண்டு மணித்தியாலம் கதிரையில் இருந்து கேள்வி கேட்டார். படம் பார்க்கிறது எந்த அறையில்? பிள்ளைகள் படிக்கிறது எங்கே? சமைக்கிற குசினியில் என்னத்துக்கு இன்டர்நெட்? கடைசியில் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் அத்தனை கருவிகளோடும் ஒரே சோபாவில்தான் குடியிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்தார். ரௌட்டர் அதற்குப் பின்னால் ஒரு முழத்தில் இருந்தது.

"உங்களுக்கு ஃபைபரும் வேண்டாம், செம்பு வயரும் வேண்டாம். சோபாவைத் தள்ளாமல் இருந்தால் காணும்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டார்.

ஆனால் வயர் வேண்டும் என்று முடிவானால் அவர் செம்புக் கட்சி. பையில் எப்போதும் இரண்டு துண்டுகள் இருக்கும், ஒன்று செம்பு வயர், மற்றது ஃபைபர். செம்பைத் தன் விரலில் சுற்றிக் காட்டுவார். "இது எங்கடை ஆக்கள் மாதிரி. மடிச்சாலும் மிதிச்சாலும் வேலை செய்யும். கரண்டையும் கொண்டு போகும், கதையையும் கொண்டு போகும்." பிறகு ஃபைபரை ஏதோ கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்குவார். "இது கண்ணாடி நூல். வெளிச்சம் மட்டும்தான் போகும். கொஞ்சம் மடிச்சியளோ, மூஞ்சையைத் தூக்கி வைச்சிடும்." ஃபைபர்தான் வேகம் என்று யாராவது வாய் திறந்தால் முடிந்தது. "ஓம், வேகம்தான். தெருவுக்கு அது வேணும், ஊருக்கு ஊர் அது வேணும். செம்பு நூறு மீட்டர் வரைக்கும் நல்லா ஓடும். உங்கடை வீடு நூறு மீட்டரோ? ஏன், ரயிலோ விடப் போறியள்?"

இனி என் கதைக்கு வருகிறேன். இருபது வருடம் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள் நான். முழங்கால் இரண்டும் வேலையை விட்டுவிடு என்று சொன்ன பிறகு, பிள்ளைகளின் புத்தக மேசையில் இருந்து படித்து மொழிபெயர்ப்பாளர் சான்றிதழ் எடுத்தேன். வேலை என்னவென்றால், டாக்டர் ஜேர்மனில் சொல்வதைத் தமிழ் நோயாளிக்கும், அவர் தமிழில் சொல்வதை டாக்டருக்கும், வீட்டிலிருந்தே கணினித் திரை வழியாகச் சொல்ல வேண்டும். நிலத்தைத் துடைத்துக்கொண்டே இந்த வேலையைக் கனவு கண்டவள் நான். சேர்வதற்கு முன் ஒரு பரீட்சை வைப்பார்கள். அதில் டாக்டரும் நோயாளியும் நடிப்பு, இன்டர்நெட் மட்டும் நிசம்.

அந்த இன்டர்நெட்தான் காலை வாரிவிட்டது. குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவதா, பின் போடுவதா என்று டாக்டர் சொல்லப் போகிற இடத்தில், அவர் வாய் திறந்தபடி படம் உறைந்துவிட்டது. நான் குருட்டுத் துணிவில் "முன்" என்றேன். பின்னாம்! இரண்டாம் தடவை பரீட்சைக்கு இருந்தபோது நோயாளி அப்படியே உறைந்தார். ஒரே ஒரு தடவை மிச்சம் இருக்கிறது, அதுவும் போனால் வேறு ஆள் எடுப்போம் என்று கடிதம் வந்தது. அன்று இரவு இவரோடு, அதாவது என் கணவரோடு, காரணமே இல்லாமல் சண்டை பிடித்தேன்.

காரணம் சாமியறையில் இருந்தது. இங்கே அநேக அடுக்குமாடி வீடுகளில் வாசலுக்குப் பக்கத்தில் யன்னல் இல்லாத ஒரு சின்னக் களஞ்சிய அறை இருக்கும். சுவிஸ்காரர் அதில் உருளைக்கிழங்கும் பனிச்சறுக்குப் பலகையும் வைப்பார்கள். நாங்கள் சாமி வைப்போம். வீடு கட்டினவனோ, தெருவிலிருந்து வருகிற ஃபைபர் முடிகிற பெட்டியையும் அங்கேதான் பூட்டி வைத்திருக்கிறான். ஆகவே பூம்ப்ளிஸ் தமிழ் வீடுகளில் இன்டர்நெட் பிள்ளையாருக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கும். எங்கள் ரௌட்டருக்கு நான் சந்தனப் பொட்டும் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும் சோறும் சாப்பிடும்போது அது நின்றுவிட்டால், யாராவது முழுகிவிட்டு வந்துதான் அதை நிற்பாட்டித் திரும்பப் போட வேண்டும். என் வேலை அறையோ வீட்டின் மறுகோடியில். நடுவில் மூன்று கொங்கிரீட் சுவர். வைஃபை அலை அங்கே வந்து சேர்வதற்குள் களைத்துவிடும்.

ஏனண்ணை வந்தார். சாமியறை வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கும்பிட்டுவிட்டு, ஆரம்பித்தார்.

"ஏன் தங்கச்சி, சாமியை அந்த அறைக்கு மாத்தினால் என்ன?"

"அண்ணை, பிள்ளையாரை அசைக்கேலாது. வயரைப் பற்றிக் கதையுங்கோ."

"ஏன் அசைக்கேலாது?"

எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு என்பதை வாசகர்கள் இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். "அண்ணை, வாற வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்குச் சோதினை. அதிலை தவறினால் திரும்ப வாளியும் தும்புக்கட்டையும்தான்!" என்று கத்திவிட்டேன்.

மனிதர் ஒரு நிமிடம் என் முழங்காலைப் பார்த்தார். பிறகு செம்பு வயரை எடுத்து, சாமியறையிலிருந்து என் அறை வரைக்கும் சுவர் ஓரமாக நிலத்தில் ஓட விட்டார். படம் கண்ணாடி போல வந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம். அது சாப்பாட்டு நேரம் வரைக்கும்தான். இவர் சோற்றுச் சட்டியோடு அந்த வயரில் தடக்கி விழுந்தார். மறுநாள் சட்டி இல்லாமலும் விழுந்தார். சுவரைத் துளைத்துக் கொண்டுபோகலாமோ என்று வீட்டு நிர்வாகத்தைக் கேட்டோம். கூடாது என்று மூன்று வரியில் பதில் வந்தது.

ஏனண்ணை திரும்ப வந்து, என் அறைச் சுவரில் இருந்த மின்சாரப் பெட்டியைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்த்தார். சுவருக்குள் ஒரு குழாய், அது நேரே சாமியறை வரை போகிறது. எனக்கு உயிர் வந்தது. அவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"இதுக்கை ஏற்கெனவே கரண்ட் வயர் கிடக்கு. அதோடை செம்பை விடக்கூடாது, ஆபத்து. கண்ணாடி நூலிலை கரண்ட் ஓடாது, அதை விடலாம்." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "இவ்வளவு காலமும் செம்பு, செம்பு எண்டு கத்திப்போட்டு..."

"ஏன் அண்ணை, ஃபைபர் எண்டால் உங்களுக்கு ஏலாதோ?" என்று கிண்டினேன்.

"ஏலும், ஏலும். கம்பெனியிலை தினமும் அதுதானே" என்றார் கோபமாக.

ஓடர் பண்ணின ஃபைபர் புதன்கிழமை பின்னேரம்தான் வந்தது. வியாழன் காலை எட்டு மணிக்கு, லீவு போட்டுவிட்டு வந்து நின்றார். குழாய்க்குள் நூல் வழுக்கிக்கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்தில் நின்று சிவப்பு வெளிச்சம் அடிக்கிற ஒரு பேனாவை அவர் பிடிக்க, இந்தப் பக்கம் என் உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்தது. மூன்று சுவருக்குள்ளால், தலைமயிர் தடிப்பில் வந்த வெளிச்சம்! சோதினையும் மறந்து, நான் ஓடிப்போய்க் கேட்டேன்:

"அண்ணை, நேரே போற வெளிச்சம் எப்பிடி மூலையிலை திரும்புது? மடிச்சா ஏன் நிக்குது?"

என் வாயை நானே தைத்திருக்க வேண்டும். அவரிடம் யாரும் திருப்பிக் கேள்வி கேட்டதே இல்லைப் போலிருக்கிறது. முகம் முழுக்கச் சிரிப்பு. பேப்பரை எடுத்தார், படம் கீறினார். வெளிச்சம் கண்ணாடியின் கரையில் பட்டுப் பட்டு உள்ளுக்குள்ளேயே தெறித்துக்கொண்டு போகுமாம். வளைவு கூடினால் கரையை உடைத்துக்கொண்டு வெளியே போய்விடுமாம். நான் இன்னும் கேட்டேன். அவர் இன்னும் கீறினார். மணியைப் பார்த்தால் ஒன்பதே முக்கால்.

இரண்டு பேரும் பதறிப்போனோம். நூலின் இரண்டு நுனியிலும், வெளிச்சத்தை இன்டர்நெட்டாக்குகிற சின்னப் பெட்டிகளைப் பூட்டினார். என் பக்கத்தில் பச்சை விளக்கு வரவில்லை. சாமியறையில் சுவரை விட்டு வெளியே வருகிற இடத்தில் நூல் சட்டென்று மடிந்து நின்றதுதான் பிழை. அதை அகலமாக வளைத்து, ரேப் என்கிற ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டினார். விழுந்தது. திரும்ப ஒட்டினார். திரும்ப விழுந்தது. பத்து வருடமாக நான் விளக்கேற்றிய எண்ணெயும் கற்பூரப் புகையும் சேர்ந்து சுவர் வழுவழுவென்று இருந்தது. அதில் எந்த ரேப் ஒட்டும்?

"ஐயோ அண்ணை, ரெண்டு நிமிசம்தான் கிடக்கு! சுவிஸ்காரர் பத்து எண்டால் பத்து!"

"போங்கோ, போங்கோ! லைன் வந்திட்டுது! கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

ஓடிப்போய்க் கதிரையில் இருந்தேன். பச்சை விளக்கு எரிந்தது. நாற்பது நிமிடம் சோதினை. டாக்டரின் சேர்ட்டுப் பொத்தானில் பிரிந்து நின்ற நூல்கூடத் தெரிந்தது. நோயாளியாக நடித்தவர் இருமினார், பொய்யாக அழுதார், ஒரு இடத்தில்கூடப் படம் நிற்கவில்லை. நானும் நிற்கவில்லை. கடைசியில் சோதினை நடத்திய பெண்மணி சிரித்தபடி, பாஸ், அடுத்த மாதம் தொடங்கலாம் என்றார்.

கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடி வந்தேன். சாமியறைக் கதவு திறந்திருந்தது. ஏனண்ணை சின்ன முக்காலியில் நுனிக்காலில் நின்றார். பிள்ளையார் படத்துக்கு மேலே வலது கை. இரண்டு விரலுக்கு நடுவில் அந்த நூல், அகலமாக வளைந்தபடி. இடது கை வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் வியர்வை. காலை வேலை முடித்து வந்திருந்த இவர் தேத்தண்ணிக் கோப்பையை அவர் வாயருகே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் பத்து மணிக்கு வந்ததிலை இருந்து இப்பிடித்தான்" என்று இவர் என்னிடம் கிசுகிசுத்தார். "நான் ஏனெண்டு கேட்டதுக்கு, கதைச்சா கை ஆடும், சும்மா நில்லுங்கோ எண்டு கண்ணாலை காட்டினவர். அதுக்குப் பிறகு அந்தாள் வாயே திறக்கேல்லை."

நாற்பது நிமிடம் ஏனண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் இருந்திருக்கிறார். பூம்ப்ளிஸில் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார், விசயம் விளங்கிவிட்டது.

"தங்கச்சி, இனிக் கையை எடுக்கலாமோ?"

நான் பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, நோகிற முழங்காலோடு அதில் ஏறி, அந்த வளைவு கெடாமல் என் விரலால் பிடித்துக்கொண்டு, அண்ணையின் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டேன்.