நாலா, ஒன்பதா?

இந்த முறை மனைவியிடம் தோற்பதில்லை என்று யூல் முடிவெடுத்தபோது பாதி முகம்தான் மழித்திருந்தான். மீதிப் பாதியை மழிப்பதற்குள் திட்டமும் தயார்.

பிரஸ்ஸல்ஸுக்கு மேற்கே ஒரு சின்னக் கிராமத்தில் அவனும் மிலியாவும் பியர் காய்ச்சுகிறார்கள். ஈஸ்ட் எதுவும் போடுவதில்லை. கொதித்த தானியச் சாற்றைப் பரணில் ஜன்னல் திறந்து ஆறவைத்தால், காற்றே வந்து புளிக்க வைத்துவிடும். அப்புறம் மரப் பீப்பாயில் மூன்று வருடத் தூக்கம். அந்தத் தொழிலில் தூங்கும் வேலை மட்டும் தன் கணவருக்கு நன்றாக வரும் என்பாள் மிலியா. பழைய பியரோடு இளசைக் கலந்துதான் விற்பார்கள்; அந்தக் கலவைக்கு மூக்கு அவளுடையது. ஆனால் இருபது வருடமாக லேபிளில் யூல் பெயர்தான்.

இப்போது அவள் லேபிளைக் கேட்டுவிட்டாள். பந்தயம் இதுதான்: ஞாயிறன்று பக்கத்து வீட்டு நெஸ்டர் இருவர் கலவையையும் குடித்துப் பார்ப்பார். ஜெயித்தவர் பெயர் லேபிளுக்கு. மூன்று வயதுப் பீப்பாய்கள் இரண்டே இரண்டு இருந்தன. இருவரும் முன்பே ருசி பார்த்தவைதான்: இடது பக்கம் நாலாம் நம்பர், தேவாமிர்தம். வலது பக்கம் ஒன்பது, சுத்தக் காடி. சீட்டுக் குலுக்கியதில் நாலு அவளுக்கு விழுந்தது. இனி ஞாயிறு வரை யாரும் திறக்கக்கூடாது.

வியாழக்கிழமை மிலியா சந்தைக்குப் போனாள். யூல் சாக்பீஸோடு கிடங்குக்குப் போனான். நாலை அழித்து ஒன்பது போட்டான், ஒன்பதை அழித்து நாலு போட்டான். சீட்டியடித்தபடி சாப்பிட வந்தான்.

"தொப்பியில என்னங்க அது?"

"எங்க?"

"ஒண்ணுமில்ல, சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை ஆசையாக எட்டிப் பார்த்தான். இடது பக்கம் நாலு. வலது பக்கம் ஒன்பது. யூலுக்குத் தலை சுற்றியது. நேற்று மாற்றினோமா, மாற்றியதாகக் கனவு கண்டோமா? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு முறை மாற்றினான்.

சனிக்கிழமை பார்த்தால் மறுபடி இடது பக்கம் நாலு. இரண்டு முறை மாற்றினால் பழையபடிதானே ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை எப்படிப் பழையபடி இருந்தது? அதை யோசிக்கப் பயந்து மூன்றாம் முறையும் மாற்றினான். தெருவாசல் வழியாக வந்தால் இடது, சமையலறை வழியாக வந்தால் அதுவே வலதோ என்று இரண்டு வாசலிலும் நின்று பார்த்தான். மிலியா தலைவலி மாத்திரை கொடுத்தாள்.

ஞாயிறன்று ரொட்டி, பாலாடைக்கட்டி, முள்ளங்கியோடு நெஸ்டர் உட்கார்ந்தார். யூல், இடதா வலதா என்று பார்க்காமல், ஒன்பது என்று எழுதியிருந்ததில் பிடித்துக் கலந்து, மோந்துகூடப் பார்க்காமல் நீட்டினான். பயம்தான் காரணம். மிலியாவின் கோப்பையைக் குடித்த நெஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். யூலின் கோப்பையைக் குடித்தபோதும் மூடினார். ஆனால் திறக்க நேரமாயிற்று.

"யூல், இதுல கண்ணாடி ஜன்னல் துடைக்கலாம்யா."

அவர் போனபின் யூல் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டான். "உண்மையச் சொல்லு. நான் மாத்தினேனா, இல்லையா?"

"மூணு தடவை மாத்தினீங்க. நானும் மூணு தடவை மாத்தினேன்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"பியர் வாசனைக்கு வர்ற ஈயைப் பிடிக்குதுன்னு நம்ம கிடங்குல சிலந்தி வலைய யாராவது தொடுவாங்களா? மூணு வருஷத்து வலை. வியாழக்கிழமை அந்த ரெண்டு பீப்பாயிலயும் காணோம். உங்க தொப்பில இருந்துச்சு. அப்புறம் தினமும் போய்ப் பார்த்தேன். நம்பரை அழிச்சு எழுதலாம், வலைய எழுத முடியுமா?"

யூலுக்கு அழுகையே வந்துவிட்டது. இருபது வருடப் பெயர். அதைப் பார்த்து மிலியாவுக்கும் மனசு இளகிவிட்டது. லேபிளில் அவன் பெயரும் கட்டாயம் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தாள்.

புது லேபிள் அச்சாகி வந்தது. நடுவில் பெரிதாக மிலியா. அதன்கீழ் ஒரு சிலந்திப் படம். அதற்கும் கீழே, பொடி எழுத்தில்: பீப்பாய் கழுவுபவர், யூல்.