கருநாகக் கோட்டையில் மூன்று பரப்புக் காணி

பழைய இணைய விளையாட்டுகளில் மட்டும் வாழ்கிற ஓர் உயிரினம் உண்டு. அதற்கு நான் வைத்திருக்கும் பெயர் ‘மீண்டும் வந்தவர்’. விளையாடுகிறவர் வேறு. அவர் நாளாந்தம் வருவார், ஓர் அரக்கனைக் கொல்லுவார், தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போவார். விளையாடாதவர் வேறு. அவரைப் பற்றி எழுத எதுவுமில்லை. மீண்டும் வந்தவர் இந்த இரண்டிலும் சேராதவர். போகும்போது ஒருவருக்கும் சொல்லாமல் போனவர், வரும்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு வருகிறார்.

நீங்கள் இந்த வகை விளையாட்டைக் கண்டிராதவரானால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இணையத்துக்குள் ஓர் இராச்சியம். அதில் பல நாட்டு ஆட்கள் வில்லாளியாக, மந்திரவாதியாக, சில வேளை ஆட்டுத்தலை மனிதராக வேடம் போட்டுத் திரிவார்கள். பாம்புகளோடு சண்டை பிடிப்பார்கள். காணி வாங்கி வீடும் கட்டுவார்கள். நான் சொல்லப்போகும் இராச்சியத்துக்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சரியாக உச்சரித்த ஒருவரையும் நான் சந்திக்கவில்லை. எங்கள் பக்கத்தில் அது கருநாகக் கோட்டை. ஒரு காலத்தில் அதன் சந்தையில் குதிரை திருப்ப இடமிராது. இப்போது அங்கே கொல்லன் மட்டும் நிற்கிறான். அவன் கணினியே ஆட்டுகிற பொம்மை. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் இருபது விநாடிக்கு ஒருமுறை ‘வருக வீரனே’ என்று காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அந்த வரவேற்பைத் தனக்கென்றே எடுத்துக்கொண்டவர் இணுவில் மயூரதன்.

வயது முப்பத்தெட்டு. அரச கந்தோர் ஒன்றில் காணிக் கிளையில் எழுதுவினைஞர். 2015 புரட்டாதியில் விளையாட்டை விட்டவர், போன ஆவணியில் திரும்பினார். ஏன் திரும்பினார்? இந்த இனத்திடம் அதைக் கேட்கக் கூடாது. ‘சும்மா ஒருக்கா எட்டிப் பாப்பமெண்டு’ என்பார்கள். எட்டிப் பார்ப்பதற்காக மூன்று நாள் இரவுபகலாகக் கோப்புகளைத் தரவிறக்கி, மறந்துபோன கடவுச்சொல்லுக்காக மறந்துபோன மின்னஞ்சலைத் திறந்து, அந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லுக்காக ‘உமது முதல் ஆசிரியையின் பெயர் என்ன’ என்ற கேள்விக்கு எட்டு ஆசிரியைகளின் பெயரை இட்டுப் பார்த்து, ஒன்பதாவதாக ஒரு நடிகையின் பெயரில் கதவு திறக்க, அதை மனைவி நிவேதனா பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் தாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

உள்ளே போனதும் இந்த இனம் செய்கிற காரியங்கள் எப்போதும் ஒன்றுதான். முதலில் பொது அரட்டையில் ‘நான் வந்திட்டன்’ என்று எழுதும். பதில் வராது. இன்னொருமுறை எழுதும். பிறகு சந்தை நடுவில், தன்னிடமுள்ள ஆகப் பெரிய மிருகத்தின் மேல் ஏறி, யாராவது அடையாளம் காணும்வரை நிற்கும். மயூரதன் வெள்ளைக் கரடியின் மேல் ஒன்றேகால் மணித்தியாலம் நின்றார். ஒருவர் வந்து கரடியை விற்கிறீரா என்று கேட்டுவிட்டுப் போனார். எந்த விசை எதற்கென்று மறந்துவிட்டதால் அம்பு விடப்போன இடத்திலெல்லாம் அவருடைய வில்லாளி இடுப்பில் கைவைத்து ஆடினான். பையைத் திறந்தால் என்னவென்று தெரியாத இருநூறு பொருள்கள் கிடந்தன. ஒன்றையும் எறியவில்லை. ஏதோ காரணத்துக்காகத்தான் வைத்திருந்திருப்பேன் என்றார். இப்படி எந்த ஆதாரமும் இல்லாமல் தன் பழைய புத்தியை நம்புகிறவர்களை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

எறிந்தது ஒன்றைத்தான். தபால் பெட்டி.

அந்த விளையாட்டில் ஒருவருக்கொருவர் கடிதம் போடலாம். மயூரதனின் பெட்டியில் நூற்றுப் பத்தொன்பது கடிதங்கள் திறக்காமல் கிடந்தன. பழைய கடிதம் பழைய செய்தி, பழைய செய்தி குப்பை. எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் தெரிவுசெய்தார். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கணினி கேட்டது. மனிதர்கள் பொதுவாக நிச்சயமாக இருப்பது இப்படியான இடங்களில்தான்.

இதன் பிறகு அவர் தன் வளவைப் பார்க்கப் போனார்.

ஏரிக்கரையில் மூன்று பரப்புச் சொச்சம் நிலம், ஒரு கல்வீடு, முற்றத்தில் ஒரு நீலமரம். அடுத்த வளவு கனிசியஸுடையது. கனிசியஸ் இளவாலையில் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் இருவரும் ஒரே கணினி வகுப்பில் படித்து, ஒரே நாளில் காணி வாங்கி, இடையில் ஒரு மரவேலியும் போட்டவர்கள். மயூரதன் போய்ப் பார்த்தபோது வீடு இருந்தது. விளக்கு எரிந்தது. முற்றத்தில் பூசணிக்கொடி படர்ந்திருந்தது. நீலமரத்தில் யாருடையதோ ஒரு குதிரை கட்டியிருந்தது.

வேலியைக் காணவில்லை.

வேறு நாட்டில் வேறு ஒருவராயிருந்தால், பத்து வருடம் எட்டிப் பாராத வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்து அதிசயப்பட்டிருப்பார். மயூரதன் நாட்காட்டியைப் பார்த்தார். காணிக் கிளையில் பன்னிரண்டு வருடம் இருந்தவருக்கு ஒன்று மட்டும் நித்திரையிலும் மறக்காது. அடுத்தவன் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டுவந்தவன் அது தனதென்று வழக்குப் பேசலாம். தான் போனது 2015 புரட்டாதி. இப்போது ஆவணி. ஒன்பது வருடமும் பதினொரு மாதமும். இன்னும் ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஏரிக்கரைக் காணி சட்டப்படி கைமாறியிருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு நெஞ்சு அடித்தது. கருநாகக் கோட்டை எந்த நாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது என்ற கேள்வி அந்த நெஞ்சில் எழவில்லை.

உடனே கைபேசியை எடுத்தார். ஒன்பது வருடமாகக் கதைக்காத நண்பன். மறுமுனையில் ஏதோ மோட்டர் இரைந்து நின்றது.

“டேய் மயூரன், வந்திட்டியோ? வீட்டைப் பாத்தனியோ?”

“பாத்தனான். வேலி எங்கை?”

கனிசியஸ் சிரித்தார். பிறகு இது பகிடியில்லை என்று தெரிந்து விளங்கப்படுத்தினார். மயூரதன் போன பிறகு விளையாட்டுக் கம்பனி ஒரு விதி கொண்டுவந்ததாம். நாற்பது நாள் ஆள் கால்வைக்காத வீடு இடிக்கப்படும். அடுத்தவன் வளவுக்குள் நடந்தால் கணக்கில்லை. ஆனால் நடுவேலியைக் கழற்றி இரண்டையும் ஒரே வளவாக்கினால், அங்கே நடக்கிற கால் இரண்டு வீட்டுக்கும் செல்லும். அதுதான் கழற்றினது. மாதத்தில் ஒருநாள் மறக்காமல் போகவேண்டுமே என்று முதல் வெள்ளியோடு அதைச் சேர்த்துவிட்டார். மாதா கோயிலில் முதல் வெள்ளிப் பூசை, பிறகு வீட்டுக்கு வந்து கணினி, இரண்டு முற்றத்திலும் ஒரு சுற்று. விளையாட்டை அவரும் எப்போதோ விட்டுவிட்டார். இந்தச் சுற்று மட்டும் நின்றதில்லை.

“நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான் மச்சான்” என்று முடித்தார்.

இந்த வசனத்தைச் சொல்லியிருக்கக் கூடாது. மயூரதனின் மேசைக்கு முன்னால் வந்து நின்ற காணி பிடிகாரர் அத்தனை பேரும் சொன்னது இதைத்தான். பாத்துக்கொண்டுதான் இருந்தனான் ஐயா, வெறுங்காணியாக் கிடக்குதே எண்டு தேசிக்காய் ரெண்டு வச்சனான் ஐயா. இங்கே தேசிக்காய்க்குப் பதில் பூசணி. வழக்கு முழுமையாகிவிட்டது.

யாரும் பாராதபோது ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்று பெரிய மூளைகள் நூற்றாண்டுக் கணக்காக வாதாடியிருக்கின்றன. கம்பனிக்காரர் அதை ஒரு வரியில் தீர்த்துவிட்டார்கள்: நாற்பது நாள் இருக்கும், பிறகு இராது. அவர்கள் யோசியாமல் விட்டது ஒன்றுதான். ஒருவருடைய வீட்டை இன்னொருவர் பார்த்துக்கொண்டேயிருந்தால், வீட்டுக்காரர் எதைப் பார்ப்பார்? வேலியைப் பார்ப்பார்.

அடுத்த நாள் மயூரதன் கந்தோரில், கனிசியஸ் ஒப்பமிடுவதற்கென்று ஒரு கடிதம் தட்டச்சுச் செய்தார். ‘மேற்படி காணியை நான் உரிமையாளரின் அனுமதியுடன் மட்டுமே பராமரித்து வந்தேன் என்றும், அதில் எனக்கு எவ்வித ஆட்சியுரிமையும் இல்லை என்றும் இத்தால் உறுதிப்படுத்துகின்றேன். காணியின் விபரம்: மூன்று பரப்புப் பதினொரு குழி. வடக்கு எல்லை ஏரி. கிழக்கு எனது காணி. தெற்கு இராட்சதத் தவளைகள் வாழும் சதுப்பு. மேற்கு இறந்த அரசனின் சமாதிக்குச் செல்லும் ஒழுங்கை.’ அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் இளவாலைக்குப் போனார்.

புறப்படும்போது நிவேதனா கேட்டாள். “இஞ்சாருங்கோ, எங்கடை கிணத்தடி வேலி விழுந்து மூண்டு மாசம். அதுக்கும் ஒரு கடிதம் அடிச்சால் எழும்புமோ?”

கனிசியஸ் ஒரு பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைக் கடைசிவரை வாசித்தார். கடைக்குள் திறந்துபோட்ட மோட்டர்கள். பேனை கேட்டார்.

“மேற்கு எல்லை பிழை. அது ஒழுங்கை இல்லை, வாய்க்கால். பாம்பு வாறது அதுக்குள்ளாலைதான்.”

மயூரதன் ‘ஒழுங்கை’யை வெட்டி ‘வாய்க்கால்’ என்று எழுதினார். வெட்டின இடத்தில் சுருக்கொப்பம் போடும்படி கேட்டார். கனிசியஸ் போட்டார்.

“நான் மாசாமாசம் உனக்குக் கடிதம் போட்டனான். ‘வீடு நிக்குது’ எண்டு. கிடைச்சதோ?”

முதல் ஆசிரியை யாரென்று ஞாபகமில்லாதவருக்கு நூற்றுப் பத்தொன்பது என்ற எண் உடனே ஞாபகம் வந்தது. அது ஒன்பது வருடமும் பதினொரு மாதமும் என்று கணக்குப் பார்க்கவும் முடிந்தது. தான் வாங்க வந்த எழுத்துமூல ஒப்புதல் நூற்றுப் பத்தொன்பது பிரதிகளில் தன்னிடமே இருந்தது, அதைத் தானே அழித்தாயிற்று என்றும் தெரிந்தது. வெட்கப்பட நல்ல சந்தர்ப்பம்.

“ஓம், எல்லாம் கிடைச்சது” என்றார்.

“அப்ப உது என்னத்துக்கு?”

“கோப்பிலை ஒண்டு இருக்கவேணும் மச்சான்.”

கனிசியஸ் கடிதத்தை ஒரு மோட்டரின் மேல் வைத்தார். “அப்ப இனி நான் போகத் தேவையில்லை?”

“தேவையில்லை. நான்தான் வந்திட்டனே.”

நான் எளிதில் யாரையும் புகழ்கிறவன் அல்ல. கனிசியஸிடமும் குறை உண்டு. கடிதங்களுக்கு ஒரு பதிலாவது வந்ததா என்று ஒன்பது வருடத்தில் அவர் யோசித்திருக்கலாம். ஆனால் மின்சாரம் துண்டுதுண்டாக வந்த அந்த வருடத்தில், பூசை முடிய மின்சாரம் இராது என்று கண்டு, முதலில் கணினிக்குப் போய்விட்டுக் கோயிலுக்குப் போனவர் அவர். அந்த வருடம் பூசைக்கு மூன்று முறை பிந்தினார். மயூரதனின் வீட்டுக்கு ஒருமுறையும் பிந்தவில்லை. இப்போது கடிதத்தின் அடியில் ஒப்பமிட்டு, திகதியும் போட்டுக் கொடுத்தார்.

பிறகு மயூரதன் எல்லையை அடைத்தார். வேலியா? வேலி போடுகிற காலம் போய்விட்டது. மதில். தொள்ளாயிரம் கல். ஒவ்வொன்றையும் மலையில் போய் உடைத்து, கரடியில் ஏற்றி, தவளைகளிடம் அடிவாங்கிக்கொண்டு கொண்டுவரவேண்டும். இரண்டு நாள் சுகவீன லீவு எடுத்தார். “அங்கை கல்லு மிஞ்சினால் கிணத்தடிக்கும் ரெண்டு கொண்டுவாங்கோ” என்றாள் நிவேதனா. மிஞ்ச விடவில்லை. மிஞ்சியதையும் மேலே வைத்து உயர்த்தினார். உச்சியில் வரிசையாகப் பாம்புத் தலைகள். பதினாறாம் நாள் முடிந்தது. மதிலுக்கு முன்னால் வில்லாளியை நிறுத்திப் படம் எடுத்துக் கந்தோர்க் குழுவில் போட்டார். நான்கு பேர் கைதட்டினார்கள். ஒருவர், கட்ட அனுமதி எடுத்தனீங்களோ என்று கேட்டார்.

அதன் பிறகு செய்வதற்கு என்ன இருக்கிறது? காணி பத்திரம். எல்லை பத்திரம். கடிதம் கோப்பில். மீண்டும் வந்தவர் என்கிற இனத்தின் கடைசிக் குணம் இங்கே வெளிப்படும்: வந்த காரியம் முடிந்ததும் அவர் போய்விடுவார். மயூரதனும் போனார். ஒருவருக்கும் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் கம்பனி எச்சரிக்கை அனுப்பியது, அந்த நடிகையின் பெயரில் திறக்கிற மின்னஞ்சலுக்கு. நாற்பத்தோராம் நாள் கல்வீடும் நீலமரமும் இல்லாமல் போயின. மதில் மட்டும் போகவில்லை. எல்லை மதில் இரண்டு வளவுக்கும் பொது என்பதால், ஒரு வளவு உயிரோடு இருக்கும்வரை அதை இடிக்க விதியில்லை.

போன மாதம் மோட்டர் ஒன்றைத் திருத்தக் கொண்டுபோன இடத்தில் கனிசியஸிடம் கேட்டேன், இன்னும் அங்கே போகிறீரா என்று.

“ஓம் அண்ணை. முதல் வெள்ளி பழகிப்போச்சு. என்ரை வளவுக்குள்ளை ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாறனான்.”

“மயூரதன்ரை வீடு நிக்குதோ?”

மோட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டே யோசித்தார். “தெரியாது அண்ணை. மதில் நல்ல உயரம். கடிதத்திலை இப்ப ‘மதில் நிக்குது’ எண்டு மட்டும்தான் போடுறனான்.”

நீங்கள் சிரிக்கலாம். உங்களுக்குக் கருநாகக் கோட்டையில் காணியில்லை, கரடியும் இல்லை. நல்லது. ஆனால் உங்கள் கைபேசியில் ஒருவர் இருப்பார். மாதத்துக்கு ஒருமுறை ‘சுகமோ’ என்று கேட்டோ, யாருக்கும் தேவையில்லாத ஒரு பூவின் படத்தைப் போட்டோ, நீங்கள் பதில் எழுதாமலே வந்துகொண்டிருப்பார். கைபேசி நிறைந்துவிட்டது என்று ஒருநாள் எல்லாவற்றையும் சேர்த்துத் தெரிவுசெய்வீர்கள். நிச்சயமாக அழிக்கவா என்று அது கேட்கும். அதை நான் தடுக்க வரவில்லை. பல வருடம் கழித்து அந்தப் பக்கம் திரும்பிப் போவீர்கள், அங்கே ஏதோ ஒரு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அப்போது உங்கள் வாயில் முதலில் வருவது என்ன கேள்வி என்று மட்டும் கவனியுங்கள். வேலி எங்கே என்று வந்தால், இணுவிலில் உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார்.