வயர்லெஸ் பொத்தானுக்கு நான் சொன்ன ஓம்

எங்கள் முதல் பேத்தியின் ஞானஸ்நானத்தை என் மனைவி பிலோமினா பார்க்காமற் போனதற்குக் கற்பிட்டிக் காற்றும் காரணமில்லை, மின்வெட்டும் காரணமில்லை. நான்தான் காரணம்.

மகள் இத்தாலியில் இருக்கிறாள். தேவாலயத்திலிருந்து நேரடியாகக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். வீட்டிலிருந்த ஒரே நல்ல போனில் பார்த்திருக்கலாம். "அந்தச் சின்னத் திரையில என்ன தெரியும்? லெப்டொப்பில பெரிசாக் காட்டுறன்" என்று வீரம் பேசினேன். (அந்தக் கிழட்டு லெப்டொப்பில் முந்திய வாரம்தான் நானே லினக்ஸ் போட்டிருந்தேன். எங்கள் ஊர் ஆலங்குடாவில் அதை அறியாதவர் இல்லை.)

பிலோமினா புதுச் சேலையோடு கதிரையைத் திரைக்கு முன்னால் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். நான் லெப்டொப்பில் இணையத்துக்கான வயர்லெஸ் பொத்தானை அமத்தினேன். நீலமாக மாறவேண்டிய விளக்கு செம்மஞ்சளாகவே நின்றது. குத்தினேன். ஊதியும் பார்த்தேன்.

கொழும்பில் கணினி வேலை செய்யும் என் பழைய மாணவன் ஜெறாட்டை வீட்டிலிருந்த ஓட்டைப் போனில் அழைத்தேன். நல்ல போனை வயரால் லெப்டொப்பில் கொழுவி, அந்த இணையத்தில் பொத்தானுக்குரிய மென்பொருளை இறக்கச் சொன்னான்.

"இஞ்ச, வயரில இன்டர்நெட் வருதுதானே? அப்பிடியே பார்ப்பமே" என்றாள் பிலோமினா.

"பொறு. பொத்தான் வேலை செய்யட்டும்."

(இந்த இடத்தில் யாராவது என்னை அறைந்திருக்கலாம்.)

தொடரவா என்று கணினி ஆங்கிலத்தில் கேட்டது. "ஓம் எண்டு குடுங்க சேர்" என்றான் ஜெறாட். கொடுத்தேன். கைவிட்டுவிட்டதாகக் கணினி அறிவித்தது. மறுபடி கொடுத்தேன். மறுபடி கைவிட்டது.

"சேர், என்ன அடிச்சனீங்க?"

"ஓம்தான். ஓ, எம்."



"சேர்... நீங்கதானே எங்களுக்கு இங்கிலீஷ் படிப்பிச்சனீங்க? வை அடிங்க சேர். யெஸ்ஸுக்கு வை."

அடித்தேன். கடைசியில் விளக்கு நீலமானது. "வந்திட்டுது!" என்று துள்ளினேன். திரையில் எல்லாரும் படமெடுக்க வரிசையாக நின்றார்கள். பேத்தி தலை துவட்டப்பட்டு, யாருடைய தோளிலோ நித்திரை.

பிலோமினா ஏசவில்லை. சேலை ஊசியைக் கழற்றியபடி உள்ளே போனாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கதை இத்தாலிக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த வீட்டில் இப்போது யாரும் ஓம் என்று சொல்வதில்லை. போன மாதம், பேசப் பழகிவிட்ட பேத்தியிடம் போனில், "அம்மப்பாவோட கதைக்கிறியா?" என்று ஆசையாகக் கேட்டேன். "வை!" என்றாள்.

போனை வைக்கச் சொல்கிறாளாக்கும் என்று வைத்துவிட்டேன்.

பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருந்த பிலோமினா, அன்றைக்கு ஏசினாள். இரண்டுக்கும் சேர்த்து.