இரண்டு பீரோவுக்கும் பொட்டு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

கூமாப்பட்டி, ஓய்வுபெற்ற சுபேதார் கருத்தப்பாண்டி அவர்கள் சமூகத்துக்கு, சம்பந்தி உக்கிரபாண்டி பணிவோடு எழுதிக்கொண்டது.

இங்கு ஆண்டாள் புண்ணியத்தில் நானும் செல்லத்தாயும் சுகம். அங்கு தாங்களும் தங்கச்சி அய்யம்மாளும், தங்கள் வீட்டு மருமகளாகிவிட்ட எங்கள் யுவராணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் லீவு முடிந்து அஸ்ஸாம் போய் டூட்டியில் சேர்ந்துவிட்டதாகப் போன் பண்ணினார், சந்தோஷம். தங்கள் பக்கம் மழை உண்டா? அணைக்குத் தண்ணீர் வருகிறதா? மழை உண்டு என்றால் எம்புட்டு மழை, சாரல் வீட்டுக்குள் அடிக்கிறதா, குறிப்பாக நடு அறையின் மேற்குச் சுவர் ஈரம் கோக்கிறதா என்பதையும் அறிய ஆசைப்படுகிறேன். காரணம் கீழே வருகிறது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். பேசத்தான் பார்த்தேன். கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து எப்போது கூப்பிட்டாலும் "செத்த வேலையா இருக்கேன், பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். தங்கச்சியிடம் கேட்டால், "அவிய ரூமை விட்டே வெளிய வாரதில்லண்ணே, சோறும் உள்ளதான் போகுது, நான் என்னத்தச் சொல்ல, நீங்களே பேசிக்கிடுங்க" என்கிறது. அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மிலிட்டரிக்காரர்கள் கோபத்தைச் சத்தமில்லாமல் வைத்திருப்பார்கள் என்று கேள்வி. நானோ கோர்ட்டில் நகல் பிரிவில் உட்கார்ந்தே ரிட்டயர் ஆனவன். உக்கிரம் எல்லாம் பெயரோடு சரி. மேலும் இங்கே போனில் பேசினால் செல்லத்தாய் காதில் விழும், அவள் காதில் விழுந்தால் அதற்கப்புறம் நான் பேசுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால்தான் அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் வீட்டு நடு அறையில் நிற்கிற மயில் கழுத்துப் பச்சை பீரோ, நாங்கள் சீராகக் கொடுக்க இருந்த பீரோ இல்லை. அது என்னுடையது. தங்கள் ஊரே நினைப்பதுபோல அதற்குள் வெங்கலமும் இல்லை, வெள்ளியும் இல்லை. காமிக்ஸ் புத்தகம் இருக்கிறது. குதிரையும் துப்பாக்கியும் முகமூடியுமாக அட்டை போட்டு, முன்பெல்லாம் பெட்டிக்கடை வாசலில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார்களே, அந்தப் படக்கதைப் புத்தகம்தான். மேல் தட்டிலிருந்து கீழ் லாக்கர் வரை அதுதான்.

தாங்கள் இந்த இடத்தில் கடிதத்தைக் கிழித்துப் போடாமல் மேலே படிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் பிடித்த கிறுக்கு இது, ரிட்டயர் ஆகியும் தெளியவில்லை. இதற்காக நான் ராஜபாளையம் போகாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அங்கே சங்கிலிப்பாண்டி என்று பழைய பேப்பர்க் கடைக்காரன் ஒருவன் இருக்கிறான். ஊரில் உள்ளவர்களிடம் எடைக்கு எடுத்த புத்தகத்தை எனக்கு மட்டும் முகத்தைப் பார்த்து விலை சொல்வான். நானும் பராக்குப் பார்க்கிற மாதிரி, கொட்டாவி விடுகிற மாதிரி எல்லாம் செய்துபார்த்துவிட்டேன். "அண்ணாச்சி, நீங்க எங்கிட்டு வேணாப் பாருங்க, அந்தக் கட்டப் பார்த்ததும் ஒங்க மூஞ்சி பிரகாசமாயிருச்சே" என்று சொல்லி விலையை ஏற்றிவிடுவான். கையில் இரண்டாக இருக்கிற புத்தகத்தை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு விற்பதும் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து வாங்குகிற ஒருவர் அட்டை, முதுகு, மூலை என்று கோணம் கோணமாகப் போட்டோ கேட்பார். யுவராணியைப் பெண் பார்க்க வந்தபோதுகூடத் தாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. விற்றுப் பணம் வந்தபிறகு, ஏண்டா விற்றோம் என்று எனக்கு ஒரு வாரம் முகம் செத்துப்போயிருக்கும்.

இதில் முக்கியமானது 'சவுக்கடி சாம்சன்' வரிசை. ஒரே ஒரு நம்பர் தவிர எல்லாம் வைத்திருக்கிறேன். நாற்பதாம் நம்பரின் கடைசிப் பக்கத்தில் சாம்சனைப் பாழும் கிணற்றில் தள்ளிவிடுகிறார்கள், அவன் ஒற்றைக் கையால் ஒரு வேரைப் பிடித்துத் தொங்குகிறான், வேர் அறுகிறது, தொடரும் என்று போட்டுவிட்டார்கள். நாற்பத்தி ஒன்று எனக்குக் கிடைக்கவே இல்லை. நாற்பத்தி இரண்டில் அவன் குதிரையில் போகிறான். எப்படி வெளியே வந்தான் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

சரி, அந்தப் பீரோ அங்கே எப்படி வந்தது என்றால், தாங்கள் சம்பந்தம் பேச வருகிறீர்கள் என்றதும் செல்லத்தாய் உத்தரவு போட்டாள். "ஏங்க, பேரன் எடுக்கப்போற வயசுல படிக்கிற புத்தகமா இது? அவுக மிலிட்டரிக் குடும்பம். இது கண்ணுல பட்டா நம்மள என்னன்னு நெனப்பாக? அம்புட்டையும் எடைக்குப் போட்டுட்டு வாங்க" என்றாள். நானும் போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். போடவில்லை. மகளுக்குச் சீர் பீரோ எடுக்கப் போன கடையில், ஜோடியாக எடுத்தால் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். பத்திரம், பட்டு வேட்டி வைக்க ஆகும் என்று சொல்லி அதே பச்சையில் இன்னொன்று எனக்கும் எடுத்து, உள் அறையில் நிறுத்தி, அவள் இல்லாத நேரமாகப் பார்த்துப் புத்தகங்களை அடுக்கினேன். சும்மா அடுக்கவில்லை. துருப்பிடித்த பின்னை எல்லாம் எடுத்துவிட்டு நூல் போட்டுத் தைத்து, ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு, தட்டுக்குத் தட்டு வசம்பு வைத்து, படுக்கப்போட்டால் முதுகு வளையும் என்பதால் நிற்க வைத்து அடுக்கினேன். யுவராணிக்குத் தொட்டில் கட்டினபோதுகூட அம்புட்டுப் பதனமாகக் கட்டவில்லை.

சீர் பீரோவை வெறுமனே அனுப்பக் கூடாதல்லவா. அதனால் முன் அறையில் இருந்த சீர் பீரோவுக்குள் உப்பு, மஞ்சள், அரிசி வைத்துப் பூட்டி, கதவில் சந்தனம் குங்குமம் வைக்கச் சொல்லி செல்லத்தாய் தன் அக்கா ஆவுடையம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் நல்ல மனசுக்காரி. முன் அறை பீரோவுக்குப் பொட்டு வைத்தவள், உள் அறையில் இன்னொன்று பச்சையாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு வைக்காட்டி நல்லாவா இருக்கும்" என்று அதற்கும் ஒரு பொட்டை வைத்துவிட்டாள். டெம்போக்காரர்களிடம் நாங்கள் சொல்லியிருந்தது, பொட்டு வைத்த பீரோவை ஏற்றுங்கள் என்று. முன் அறையில் சொந்தபந்தம் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததால் அவர்கள் பின்வாசல் வழியாக உள் அறைக்குப் போய்விட்டார்கள். நான் அந்த நேரம் பார்த்துப் பால்கோவா வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தேன்.

நான் திரும்பி வரும்போது பீரோ டெம்போவில் ஏறிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டிருந்தது என்று சுலபமாக எழுதிவிட்டேன். நாலு பேர் தூக்கி முடியாமல் தெருவில் போன இரண்டு பேரையும் கைபிடிக்கக் கூப்பிட்டார்கள். "யாத்தே, என்ன கனம் கனக்கு, தங்கக்கட்டியா வச்சிருக்காக?" என்று ஒருவன் கத்தினான், தெருவே திரும்பிப் பார்த்தது. நான் செல்லத்தாயைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் அம்மாச்சி வீட்டு வெங்கலத்தை எல்லாம் உள்ளே அடுக்கிவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாமல் நான் அடுக்கிவிட்டதாக அவள் நினைத்திருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படி ஒரு பார்வை பார்த்ததில்லை மச்சான். நான் மீசையை முறுக்கினேன். இப்போது நினைத்தால் மீசையையே எடுத்துவிடலாம் போல இருக்கிறது.

கல்யாணச் சாமான் குவிந்து மறைத்ததில் முன் அறையில் இன்னொன்று நிற்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து, புத்தகத்துக்குக் காற்று காட்டலாம் என்று உள் அறைக்குப் போனால் அங்கே இடம் காலியாகக் கிடக்கிறது.  ஓடிப்போய் முன் அறையில் நின்ற பீரோவில் என் இடுப்புச் சாவியைப் போட்டுத் திறந்தேன். உப்பு இருந்தது. மஞ்சள் இருந்தது. அரிசி இருந்தது. சாம்சன் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். செல்லத்தாய் வந்து, "சீர் பீரோ போகாம உங்களோடது போயிருச்சாக்கும், பட்டு வேட்டிதானே, மாப்பிள்ள கட்டிக்கிடட்டும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். பட்டு வேட்டிக்கு ஆறு ஆள் எதற்கு என்று அவள் இன்னும் யோசிக்கவில்லை. 

ஒரு டெம்போவை அனுப்பி மாற்றிக்கொள்ளலாம்தான். ஆனால் போன சீர் திரும்பி வந்தால் பெண்ணே திரும்பி வந்த மாதிரி என்பார்கள், பச்சை பீரோ எங்கள் தெருவுக்குள் நுழையுமுன்னே யுவராணியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று பேச்சு நுழைந்துவிடும். யுவராணியிடம் சொல்லலாம் என்றால் அவள் அம்மா பிள்ளை, பொழுது சாயுமுன் செய்தி இங்கே வந்துவிடும். இந்த லட்சணத்தில் வருகிற வெள்ளிக்கிழமை தங்கள் கான்சாபுரத்துப் பெரியம்மா வந்ததும், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லாரையும் கூட்டிவைத்துப் பீரோவைத் திறந்து சீர் பார்க்கப் போகிறார்கள் என்று தங்கச்சி சொல்கிறது. நல்லவேளையாக யுவராணி கையில் இருப்பது இங்கே நிற்கிற பீரோவின் சாவி. அங்கே இருக்கிற பீரோவைத் திறக்கிற ஒரே சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது. அந்தப் பூட்டுக்குள்தான் எங்கள் மானம் இதுவரை இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாவி சேரவில்லை என்று கடப்பாரை போட்டுவிடுவார்களோ என்ற நினைப்பில் இந்த வரியை மூன்று தடவை அடித்து எழுதினேன்.

மச்சான், எனக்குப் பயமாக இருக்கிறது. வாழப்போன வீட்டில் அத்தனை பெண்களுக்கு நடுவே, "ஒங்கப்பன் சீராக் குடுத்தது பொம்மைப் புத்தகமாத்தா?" என்று யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் அந்தச் சொல் என் மகள் கிழவியாகிற வரைக்கும் அவள் பின்னாலேயே வரும். புத்தகமா மகளா என்று கேட்டால் மகள்தான், அதில் சந்தேகம் இல்லை. கேட்கிற நிலைமை வராமல் இருக்கத்தான் இந்தக் கடிதம்.

ஆகவே என் கோரிக்கை. இத்துடன் சாவியை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தாங்களே திறந்து, புத்தகங்களை அரிசிச் சாக்கில் போட்டு, பால் வேனில் இங்கே அனுப்பிவைக்க வேண்டும். உரச் சாக்கு வேண்டாம், வாடை ஏறும். எடுக்குமுன் கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொள்ளவும். கவரிலிருந்து வெளியே எடுக்க வேண்டாம். தப்பித்தவறி எடுத்தாலும் விரலில் எச்சில் தொட்டுப் பக்கம் திருப்ப வேண்டாம், அந்தப் பேப்பர் தாங்காது. காலியான பீரோவில் தங்கள் வீட்டு வெங்கலப் பாத்திரத்தையே கொஞ்சம் அடுக்கிவைத்துவிட்டால் பார்க்கிறவர்கள் அது நாங்கள் போட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். இதைக் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்டுவிட்டேன். தங்கள் கோபம் எதுவானாலும் என்னோடு போகட்டும், பிள்ளையிடம் முகம் காட்ட வேண்டாம்.

தங்கச்சிக்கு என் அன்பு. யுவராணிக்கு ஆசி. எல்லையில் இருக்கிற தெய்வங்கள் மாப்பிள்ளைக்குத் துணை நிற்கட்டும். படித்ததும் இதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிடவும்.

இப்படிக்கு,
நிம்மதி இல்லாத சம்பந்தி,
உக்கிரபாண்டி

பி.கு.: கவரை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது யுவராணியே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள், எனக்கு மறைக்கத் தெரியவில்லை, சொல்லிவிட்டேன். அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "அந்தப் பீரோவ வந்த மறுநாளே தொறந்தாச்சுப்பா" என்றாள். எந்தச் சாவியால் என்றேன். "ஏஞ் சாவியாலதான். ஒரே கடைப் பீரோ, ரெண்டுக்கும் ஒரே சாவிதான் போல." என் சாவி இங்கே நின்ற சீர் பீரோவைத் திறந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. ஏண்டியம்மா அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "மாமாதான் சொல்ல விடல. 'ஏத்தா, ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே டெம்போ அனுப்பிருவாரு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் மூச்சு விடாத'ன்னாக" என்றாள். ஆக, அறையை விட்டு வெளியே வராததும் போனை வைத்ததும் இதற்குத்தானா மச்சான்? நான் இங்கே செத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறேன்!

வெள்ளிக்கிழமைக்காகத் தங்கச்சி தன் வெங்கலப் பாத்திரங்களை ஏற்கெனவே பீரோவில் அடுக்கிவிட்டதாம். நான் வெட்கத்தை விட்டுக் கேட்டதை அது கேட்காமலே செய்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனசுக்கு என் மகள் கொடுத்துவைத்தவள்.

எனவே மேலே எழுதியதை எல்லாம் தாங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளவும். சாவியை அவிழ்த்து எடுத்துவிட்டேன். அரிசிச் சாக்கும் பால் வேனும் வேண்டாம், கேட்டால் போன சீர் திரும்பக் கூடாது என்று தாங்களே சட்டம் பேசுவீர்கள் என்று யுவராணி முன்கூட்டியே சொல்லிவிட்டாள். ஆனால் புத்தகங்கள் இப்போது தங்கள் கட்டிலுக்கு அடியில் தரையில் கிடப்பதாகவும், தாங்கள் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே எச்சில் தொட்டுப் பக்கம் திருப்புவதாகவும் கேள்விப்பட்டேன். அது உண்மையாக இருக்கக் கூடாது என்று குலதெய்வத்துக்கு நேர்ந்திருக்கிறேன்.

நாற்பதாம் நம்பரை முடித்ததும் தாங்களே சொல்லியனுப்பிய செய்தியையும் சொன்னாள், அதைச் சொல்லத்தான் பஸ் ஏறினாளாம். "சாம்சன் கெணத்துக்குள்ள தொங்குதான், நாப்பத்தி ஒண்ணக் காணோம், சீர்ல ஒண்ணு கொறையுதுன்னு ஒங்கப்பாட்டச் சொல்லு." சீரில் குறை வைத்தான் என்ற பேர் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையத்தில் சங்கிலிப்பாண்டி புதிதாக வந்த மூட்டைகளைப் பிரிக்கிறான். பெண்களுக்குத் தெரியாமல் காலை பஸ்ஸில் வந்துவிடுங்கள். என் முகத்தைப் பார்த்தால் விலை ஏறிவிடும், தங்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது என்பது எனக்கு நன்றாகவே தெரியும். உள்ளே போய்ப் பேரம் தாங்கள் பேசுங்கள், நான் கடைக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.