ரெக்கார்டு முசியேவின் ஒன்பது மேட்

உலகத்தில் நடக்கும் அத்தனை கேடுகளுக்கும் தவறான மேட்தான் காரணம் என்று நம்பியவர் எங்கள் தெரு ரெக்கார்டு முசியே ஒருவர்தான். மேட் என்றால் வாசலில் கால் துடைப்பது இல்லை. ரெக்கார்டு பிளேயரின் சுழலும் தட்டுக்கும் ரெக்கார்டுக்கும் நடுவே போடுகிற வட்டமான விரிப்பு. அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நாற்பது வயதுவரை நிம்மதியாக இருந்தவன் நான். அவருக்குப் பக்கத்து வீட்டில் குடிபோனேன், போச்சு.

முசியே பிரெஞ்சு ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அதனால்தான் பிரெஞ்சில் 'ஐயா' என்று பொருள்படும் அந்தப் பட்டம். மனைவி இல்லை, மகள் பிரான்சில். வீட்டில் சோபா கிடையாது, மூன்று பழைய பிளேயர்கள் உண்டு. மூன்றும் டைரக்ட் டிரைவ். அதாவது மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றும், நடுவில் பெல்ட் இல்லை. பெல்ட் வைத்த பிளேயர் வாங்கிய குற்றத்துக்காக ஒருவரோடு மூன்று வருடம் பேசாமல் இருந்தார். அந்த ஒருவர் அவருடைய சொந்த மச்சான்.

ஞாயிறு பதினொரு மணிக்குச் சுவரைத் தட்டுவார். நான் போயாக வேண்டும். ஒரே வயலின் ரெக்கார்டை ரப்பர் மேட்டில் ஒரு தடவை, கார்க் மேட்டில் ஒரு தடவை போடுவார். ஒவ்வொரு மேட்டும் ஒரு தடிமன் என்பதால், மாற்றும்போதெல்லாம் முள் இருக்கும் கையின் உயரத்தைத் திருகிச் சரிசெய்ய அரை மணி நேரம் ஆகும். பிறகு, "எது நல்லா கேக்குது?" என்பார். எனக்கு எல்லாம் ஒன்றுதான். சாப்பிடப் போனால் போதும் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன். இந்த வாரம் கார்க் என்பேன், அடுத்த வாரம் மறந்துபோய் ரப்பர் என்பேன். அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வார்.

தோல் இருந்தால் இன்னும் நன்றாக இருக்குமோ என்று ஒருநாள் உளறிவிட்டேன். மறுவாரம் அவருடைய நல்ல தோல் பை வட்டமாகிச் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் போதாமல், சேதராப்பட்டில், மெஷின் இடுக்கில் கசியாமல் இருக்கப் போடுகிற கேஸ்கெட் வெட்டும் பட்டறைக்கு என் பைக்கில் ஏறி வந்தார். எந்த மெஷினுக்கு என்று பட்டறைக்காரர் கேட்டார். வயலினுக்கு என்றார் முசியே. அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஆறாவது மேட்டிலிருந்து கெட்ட காலம் தொடங்கியது. வயலின் மேலே போகும்போது காணாமல் போகிறது, இந்தக் கம்பளி ஃபெல்ட் மேட்தான் விழுங்குகிறது என்று புலம்பினார். ஏழு, எட்டு, ஒன்பது என்று மேட் மாறியது. சத்தத்தையும் ஏற்றிக்கொண்டே போனார். தெருக்கோடி வரை வயலின் கேட்டது. பால்காரர் கதவை இடித்ததுதான் அவருக்குக் கேட்கவில்லை. அவரைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் சேர்ந்து மேட்டைத் திட்டினேன். அது நான் செய்த பாவம்.

கடைசியில் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறது, திரும்ப வராது என்று டாக்டர் தாளில் எழுதிக் காட்டினார். வீட்டுக்கு வந்ததும் முசியே தோல் மேட்டைப் போட்டு ரெக்கார்டை வைத்தார். பிறகு கார்க். அவருக்கு ஏதும் கேட்டிருக்காது. அன்று எனக்குப் பசிக்கவில்லை, அதனால் முதல்முறையாக ஒழுங்காகக் கேட்டேன். தோலில் வயலின் கொஞ்சம் மெத்தென்று இருந்தது, கார்க்கில் தெளிவாக இருந்தது. சத்தியமாக வித்தியாசம் இருந்தது. நோட்டை வாங்கி எழுதினேன்: கார்க். இதுவரை சொன்னதெல்லாம் பொய்.

படித்துவிட்டுச் சிரித்தார். "தெரியும். வாரத்துக்கு ஒன்னு சொல்லியிருக்கியே."

அப்புறம் ஏன் கேட்டீர்கள் என்று எழுதிக் காட்டினேன்.

"கேக்கலன்னா நீ எதுக்கு வரப் போற" என்றார்.

போன மாதம் மகள் வந்து அவரைப் பிரான்சுக்கு அழைத்துப் போய்விட்டார். ஒரு பிளேயரும் ஒன்பது மேட்டும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிறு பதினொரு மணிக்கு என் போனுக்குச் செய்தி வருகிறது, இன்னிக்கு எது என்று. அங்கே அப்போது பொழுதுகூட விடிந்திருக்காது. நேற்று ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டுவிட்டு, தோல், நல்லா கேக்குது என்று பதில் அனுப்பினேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் அனுப்பினேன்: சுவத்தத் தட்ட ஆள் இல்ல முசியே.