நானே காலி செய்த டேங்க்

நான் கோபக்காரன். முசரவாக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். என் வீட்டில் மட்டும் கேட்காதீர்கள், சிரிப்பார்கள்.

அந்த வருஷம் என் கோபமெல்லாம் மச்சான் முனுசாமி மேல். என் மனைவி ஏலவார்குழலிக்கு அண்ணன், திருப்புட்குழிக்காரர். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, நான் டிராக்டருக்கு டீசல் ஊற்றுவது எப்படி என்று ஒரு செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு பந்துக்களுக்கு முன்னால் நடித்துக் காட்டினார்.

"மாப்ள டேங்க்குக்கு ஊத்தறது கொஞ்சம்பா. பூமாதேவிக்குத்தான் அபிஷேகம்."

எல்லோரும் சிரித்தார்கள். குழலி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவர் சொன்னது உண்மை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

உண்மையில் அது லேசான வேலை இல்லை. காஞ்சிபுரம் பங்க்கில் வாங்கிய டீசலைக் கேனில் கட்டிக்கொண்டு வர வேண்டும். மார்புயரத்துக்குத் தூக்கிச் சாய்க்க வேண்டும். கேன் 'குபுக்' என்று ஒரு வாய் டேங்க்குக்குக் கொடுக்கும், அடுத்த வாயை என் வேட்டிக்குக் கொடுக்கும். அதுவும் எழுபத்து நாலாம் வருஷம். பாதி நாள் பங்க்கில் 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு தொங்கும்.

இந்த நிலைமையில் முனுசாமி மகளுக்குக் காதுகுத்து வந்தது. சொந்தக்காரப் பெண்களையெல்லாம் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று குழலி ஆசைப்பட்டாள். அந்த ஆள் வாசலை இனி மிதிப்பதில்லை என்று நான் சபதம் செய்தேன். சபதத்தை மனசுக்குள்தான் செய்தேன். கோபக்காரனாக இருக்கலாம், முட்டாளாக இருக்கக் கூடாது.

காதுகுத்துக்கு முதல் நாள் குழலி சீர்ச் சாமான் வாங்கக் காஞ்சிபுரம் போன நேரத்தில் காரியத்தில் இறங்கினேன். டேங்க்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி, டீசலை எல்லாம் கேன்களில் இறக்கினேன். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. கேன்களை வைக்கோல் போருக்குள் செருகினேன். குளித்துவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொண்டேன்.

குழலி திரும்பியதும் சொன்னேன். "வண்டியில சொட்டு டீசல் இல்ல. பங்க்குலயும் இல்லியாம்."

"அப்டியா?"

"எங்க வெச்சிக்கினு பொய் சொல்லப் போறேன்? வேணும்னா நீயே எட்டிப் பாரு."

எட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கமாக வந்து, என் தோளருகே கொஞ்ச நேரம் நின்றாள். பாசம் என்று நினைத்தேன்.

"சரி, இன்னா பண்றது. நான் பஸ்ல போய்க்கிறேன். நீங்க வூட்ல இருங்க."

அவள் சண்டை போடாதது எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. சண்டைக்கென்று நான் தயார் செய்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாகப் போயின.

மறுநாள் காலையில் நான் கிணற்றடியில் நிதானமாகக் குளித்துவிட்டு வந்தேன். அரக்குப் பட்டுப் புடவையும் கையில் தாம்பாளமுமாகக் குழலி படியிறங்கினாள்.

"போய்ட்டு வரேங்க. சோறு வடிச்சு வெச்சிருக்கேன்."

"அண்ணனைக் கேட்டேன்னு சொல்லு," என்றேன், பெரிய மனதோடு.

தெருக்கோடியில் அவள் தலை மறைந்ததும் வைக்கோல் போருக்கு ஓடினேன். அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் சந்திரப்பிரபுவுக்கு உழுது தருவதாக ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்தேன். சபதம் ஒரு பக்கம், உழவு ஒரு பக்கம்.

இந்தத் தடவை ஒரு சொட்டுச் சிந்தக் கூடாது என்று வீம்பு. டேங்க் வாயில் புனலை நிறுத்தினேன். அதன் மேல் வடிகட்ட வெள்ளைத் துணி. முக்காலி போட்டு ஏறி நின்றேன். உள்ளே காற்றுப் போக வழி விட்டு, கேனின் வாய் மேல்பக்கம் இருக்கும்படி பிடித்து, மெல்லச் சாய்த்தேன். குபுக் இல்லை. நூல் பிடித்தது போல இறங்கியது டீசல். இதை அந்த முனுசாமி பார்க்க வேண்டுமே என்று ஏங்கினேன்.

திடீரென்று புனல் நிரம்பி நின்றது. இறங்கவில்லை. டேங்க்கை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் நானே காலி செய்த டேங்க், எட்டிப் பார்க்க என்ன இருக்கிறது? துணியில் தூசி அடைத்திருக்கும் என்று ஒரு கையால் புனலைத் தூக்கினேன்.

புனலில் இருந்ததெல்லாம் என் மடியில். முக்காலியிலிருந்து நான் சரிய, இன்னொரு கையிலிருந்த கேன் மொத்தமாகக் கவிழ்ந்து என் தலையில். டீசலையும் ஊத்தினேன், காரியமும் ஊத்திக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே குழலி. பக்கத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முனுசாமி. கேரியரில் ஒரு காலி கேன்.

"பாத்து, மாப்ள," என்றார் அவர். "டேங்க் ரொம்பிதான் இருக்குது. எங்க ஆயில் இன்ஜினுக்கு வெச்சிருந்ததை எடுத்தாந்து, நீ குளிக்கப் போனப்போ ஊத்திட்டேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. யாராவது தீக்குச்சி கிழித்திருந்தால் நிஜமாகவே பற்றியிருக்கும்.

"உன்னை யாரு ஊத்தச் சொன்னது?"

"நான்தான் நேத்தே சொல்லியனுப்பினேன்," என்றாள் குழலி.

"இப்பிடிப் பண்ணலாமா நீ? டீசல் ரொம்பிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லியிருந்தா வைக்கப்போர்ல இருக்கிறது எப்டி வெளிய வரும்?"

நான் வாயைத் திறந்தேன். முதல் நாள் குடித்த டீசல் ஏப்பமாக வந்தது.

"உனக்கு... உனக்கு எப்டித் தெரியும்?"

"வண்டியில சொட்டு டீசல் இல்லன்னீங்க. உங்க மேல கேன் கணக்கா வாசனை அடிச்சுது. வண்டிக்கும் ஊத்தாம, பங்க்குக்கும் போவாம, அது எங்கேருந்துங்க வரும்?"

முனுசாமி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒரு அடியாவது அடித்திருப்பேன். அதற்குக்கூட வழி வைக்கவில்லை அந்த ஆள்.

"சந்திரப்பிரபு உழவு?" என்றேன், கடைசி ஆயுதமாக.

"அவங்க வூட்டம்மா நம்ம கூடத்தான் காதுகுத்துக்கு வராங்க. உழவு நாளைக்கின்னு அவரே சொல்லிட்டாரு," என்றாள் குழலி.

பெண்கள் ஒவ்வொருவராக வந்து டிரெய்லரில் ஏறினார்கள். ஏறும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போனார்கள். நானும் ஓட்டுகிற சீட்டில் ஏற டிராக்டர் மட்கார்டில் கையை வைத்தேன்.

குழலி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளி நின்றாள். "நீங்க ஏறாதீங்க. எல்லாரும் பட்டு கட்டிக்கினு இருக்காங்க. கறை பட்டா போவாது. சீட்டுல அண்ணன் உக்காரட்டும்."

திருப்புட்குழி வரைக்கும் என் டிராக்டரை முனுசாமி ஓட்டினார். அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நான் பின்னாலேயே போனேன்.