சம்பந்தி வீட்டுக் கம்ப்யூட்டரில் கை வைத்தது பற்றி

மதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் இருவரும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாவும் பிள்ளைகள் வீட்டில் சௌக்கியமாக இருப்பீர்கள். தாங்கள் வீட்டுச் சாவியோடு என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன, பால்கனியிலுள்ள பதினான்கு தொட்டிச் செடிகளும் ஒரு குறையுமின்றித் தழைத்து நிற்கின்றன. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். இனி எழுதப்போவதைப் போனில் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தங்கள் கம்ப்யூட்டரைப் போட்டேன். பதினோரு வருடமாகத் தாங்கள் அதில் குடும்ப வரலாறு எழுதி வருகிறீர்கள், அதில் எனக்கென்று ஓர் அத்தியாயமே இருக்கிறது என்று மருமகள் ஒரு நாள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரு பக்கம் மட்டும் படித்துவிட்டு அணைத்துவிடலாம் என்றுதான் பொத்தானை அமுக்கினேன். இயங்குவதற்கு எதுவும் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. கம்ப்யூட்டர் கடைக்காரரைப் போனில் கூப்பிட்டேன். "பழைய மிஷின் சார், மிஷினை ஓட்டுற ஓ.எஸ். போயிருக்கும். திரும்ப ஏத்திட்டா சரியாயிடும்" என்று ஒரு பென்டிரைவ் கொடுத்தனுப்பினார். கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது! முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். ஒரு லிஃப்டுக்கு மூளை வைக்க மொட்டைமாடியில் ஓர் அறையே கட்டுவோம். அந்தப் பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

செருகியதும் பெட்டி பேச ஆரம்பித்தது. எந்த மொழியில் பேசட்டும், எந்த நாடு, இப்போது மணி என்ன என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டது. என் சர்வீஸில் எந்த லிஃப்டும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் எழுந்து நின்றுகொண்டே பதில் சொன்னேன். கடைசியில் எங்கே நிறுவட்டும் என்று கேட்டுவிட்டு, வெறும் வெள்ளைக் கட்டத்தைக் காட்டியது.

"கீழ ஒரு லிஸ்ட் வந்திருக்கணுமே சார்?" என்றார் கடைக்காரர் போனில்.

"ஒண்ணுமே இல்லப்பா. துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு."

"நடுவுல எதையாவது அமுக்கினீங்களா?"

"எல்லாத்தையும்தான் அமுக்கினேன்."

"அப்ப உள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சிருக்கும் சார்" என்றார்.

அதன்பின் ஒன்பது நாள் போராடினேன். பதினேழு தடவை மறுபடி ஏற்றிப் பார்த்தேன், பதினேழு தடவையும் அதே மரியாதை, அதே வெள்ளைக் கட்டம். மூடியைக் கழற்றி பிரஷ்ஷால் தூசி தட்டினேன், மெமரியை உருவி ரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன், பெட்டி மூன்று தடவை கத்தியது, பயந்துபோய் நானும் கத்தினேன். உள்ளே எத்தனை அறைகள், எத்தனை தெருக்கள்! நடுவில் ஓர் இடத்தை மட்டும் காலியாக விட்டு, பக்கத்தில் இரண்டு வயர்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றோட்டத்துக்கு எவ்வளவு அழகாக இடம் விட்டிருக்கிறான் மனுஷன் என்று வியந்துபோனேன்.

"அவங்க செடியத்தானே பாத்துக்கச் சொன்னாங்க? பெட்டிய ஏன் நோண்டினீங்க?" என்று இவள் தினமும் கேட்கிறாள். பதினோரு வருட உழைப்பை ஒரு விரலால் அழித்துவிட்டேன், சம்பந்தி. அந்த அத்தியாயத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுதியிருந்தால், அதை இப்போது தாராளமாக மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். இதை அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

தங்கள் மன்னிப்புக்குக் காத்திருக்கும்,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கடைக்காரர் நேரிலேயே வந்துவிட்டார். அந்தக் காற்றோட்ட இடத்தில் டார்ச் அடித்தவர், "சார், எழுதினதெல்லாம் பதிஞ்சிருக்கிற டிஸ்க்கே இங்க இல்லையே! யாரோ பதமா கழட்டி எடுத்திருக்காங்க" என்றார். உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தங்கள் கையெழுத்து. "சம்பந்தி, டிஸ்க் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. உங்கள் அத்தியாயம் இன்னும் முடியவில்லை. செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா?"

இத்தனை நாளும் இந்தப் பெட்டியைப் பார்த்து வாயைப் பிளந்தேனே, தங்களைப் பார்த்தல்லவா பிளந்திருக்க வேண்டும்! சீட்டைப் படித்த கையோடு, ஒன்பது நாளில் முதல் தடவையாக, பால்கனிக் கதவைத் திறந்தேன். பதினான்கில் இரண்டு உயிரோடு இருக்கின்றன. அத்தியாயத்தை இனி முடித்துவிடலாம்.